குருதியில் எழுதிய தலையெழுத்தா?

மண்டையோட்டிலே பிரமன் எழுதிவிட்டான், அதை அழிக்க எவராலும் ஆகாது என்று ஓதிவந்த காலம் ஒன்று இருந்தது. எழுதியதைக் கண்டவர் யார், படித்தவர் யார், எந்த மொழியிலே எழுதினான் என்று நாம் கேட்டோம். விடை வரவில்லை. மெல்ல மெல்ல, படித்தவர் வீடுகளில் அந்தப் பேச்சு நாணித் தலைகுனிந்தது. ஒழிந்தது ஊழ் என்று நாமும் களித்தோம். ஆனால் வாயிற்புறம் துரத்தப்பட்ட அந்தக் கிழட்டு எண்ணம், புறக்கடை வழியே, வெள்ளை அங்கி அணிந்துகொண்டு, மூக்குக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு மறுபடியும் வீட்டிற்குள் வந்து அமர்ந்துவிட்டது. இப்போது அது தன்னை மரபணு என்று அழைத்துக்கொள்கிறது.

புதுக்கோட்டைச் சீமையிலே, அறந்தாங்கியிலோ ஆலங்குடியிலோ கந்தர்வகோட்டையிலோ, ஒரு வீட்டில் ஒரு பெண் சோர்ந்து படுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். உண்ண மனமில்லை, உறக்கம் வரவில்லை, பெற்ற பிள்ளை வீறிட்டு அழுதாலும் எழுந்து செல்லக் காலிலே வலுவில்லை. முன்னாளில் என்ன சொன்னார்கள்? காற்று, கருப்பு என்றார்கள். வேப்பிலையும் உடுக்கையும் வந்தன. இந்நாளில், பட்டம் பெற்ற மைத்துனன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொல்கிறான்: "இவள் தாய்க்கும் இப்படித்தான் இருந்தது. குடும்ப வாகு. மரபணுவிலே இருப்பதை நாம் என்ன செய்ய முடியும்?"

என்ன செய்ய முடியும் என்று கைவிரிக்கும் அந்த ஒரு சொல்லுக்குள்ளே எத்தனை பேர் ஒளிந்துகொள்கிறார்கள், பாருங்கள்! குடித்துவிட்டு வந்து அவளை அடித்த கணவன் அதிலே ஒளிந்துகொள்கிறான். குத்தல்மொழி பேசும் மாமியார் ஒளிந்துகொள்கிறார். காலையிலும் மாலையிலும் வாசலிலே வந்து நின்று தவணை கேட்கும் வட்டிக்காரர் ஒளிந்துகொள்கிறார். அத்தனை பேரும் விடுதலை. குற்றவாளி, கண்ணுக்குத் தெரியாத அணு!

அத்துடன் முடியவில்லை. அவளுடைய தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது, "அந்தக் குடும்பத்தில் மனக்கோளாறு உண்டாமே" என்று தரகர் காதிலே ஓதுகிறார். வந்த வரன் திரும்பிப் போகிறது. ஆகவே அடுத்த வீட்டார் என்ன செய்கிறார்கள்? நோயை மூடி மறைக்கிறார்கள். மருத்துவரிடம் சென்றால் ஊர் அறிந்துவிடும் என்று அஞ்சி, அறைக்கதவைச் சாத்துகிறார்கள். பெங்களூரு தேசிய மனநல, நரம்பு அறிவியல் நிறுவனம் 2015-16ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு உட்படப் பன்னிரண்டு மாநிலங்களில் ஆய்வு நடத்தியது. மனச்சோர்வு நோய்க்கு ஆளானவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 85 பேர் உரிய மருத்துவம் பெறவில்லை என்று அது கண்டது. மருத்துவர் பற்றாக்குறை ஒரு காரணம். சாத்திய கதவு மற்றொரு காரணம்.

மேலே செல்லுமுன் ஒரு சொற்சிக்கலை அவிழ்த்துவிட வேண்டும். நம் இதழ்களில் 'மன அழுத்தம்' என்ற ஒரே சொல்லை இரண்டு பொருளிலே எழுதுகிறார்கள். கடன், அடி, சாவு, அவமானம் ஆகியவை மனத்தின்மீது சுமத்தும் பாரமும் மன அழுத்தம். அந்தப் பாரத்தாலோ பாரமின்றியோ வந்து, வாரக்கணக்கில் மாதக்கணக்கில் ஆளைச் சாய்த்துவிடும் நோயும் மன அழுத்தம். காரணத்துக்கும் விளைவுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டுப் பிறகு காரணத்தைத் தேடினால் கிடைக்குமா? எனவே பாரத்தை நெருக்கடி என்றும், நோயை மனச்சோர்வு என்றும் இங்கே எழுதுகிறோம்.

மரபுக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பே இல்லை என்று நாம் வாதாட வரவில்லை. அப்படி வாதாடுவது பகுத்தறிவாகாது. உருவத்தாலும் மரபணுவாலும் ஒன்றுபட்ட இரட்டையரையும், உடன்பிறந்தார் போல் ஓரளவே ஒத்த இரட்டையரையும் ஒப்பிட்டுப் பார்த்த பல ஆய்வுகளைத் திரட்டி, 2000ஆம் ஆண்டில் கணக்கிட்டனர். மக்களிடையே இந்நோய் காட்டும் வேறுபாட்டில் நூற்றுக்கு 37 பங்கு மரபைச் சார்ந்தது என்று கண்டனர். ஒப்புக்கொள்வோம். ஆனால் அந்த 37 என்ன சொல்கிறது என்பதையும் ஒழுங்காகப் படிப்போம். ஒருத்தியின் நோயிலே 37 பங்கு மரபு, 63 பங்கு வாழ்க்கை என்று தராசிலே நிறுத்துப் பிரித்ததல்ல அது. நம் மாவட்டத்துக் கண்மாய்ப் பாசன வயல் ஒன்றில் பலவகை விதையைக் கலந்து தூவுங்கள். ஒரே நீர், ஒரே எரு. ஆகவே பயிருக்குப் பயிர் காணும் உயர வேறுபாடெல்லாம் விதையினாலே வந்தது. அதே விதைக் கலவையை மழை பொய்த்த மானாவாரிப் புஞ்சையிலே தூவுங்கள். அங்கும் பயிருக்குப் பயிர் வேறுபாடு விதையினாலேதான். ஆனால் அந்தப் புஞ்சை முழுவதும் ஏன் கருகிக் கிடக்கிறது? அதற்கு விதையைக் கேட்காதீர். மடையை அடைத்தவனைக் கேளுங்கள்.

இப்போது நெருக்கடியும் மரபும் கைகோக்கும் இடத்துக்கு வருவோம். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து இரட்டைப் பெண்களை ஆராய்ந்து, கெண்ட்லர் என்னும் மனநல மருத்துவரும் அவர் குழுவினரும் 1995-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அவர்கள் கேட்ட கேள்வி எளிது. மரபணு ஒன்றான இரட்டையரில், உடன்பிறந்தவளுக்கு இந்நோய் வந்திருந்தால், இவளுக்கும் மரபின் சுமை மிகுதி; அவளுக்கு வந்ததில்லை என்றால், இவளுக்குச் சுமை குறைவு. இந்த இருவகைப் பெண்களும், பேரிடி விழுந்த மாதத்தில் எத்தனை பேர் நோயுறுகின்றனர், விழாத மாதத்தில் எத்தனை பேர் நோயுறுகின்றனர்? பேரிடி என்று அவர்கள் குறித்தவை, நெருங்கிய உறவினர் சாவு, தாக்கப்படுதல், கடுமையான மணவாழ்வுத் தொல்லை, மணமுறிவு போன்றவை. நம் ஊரில் அறியாதவை அல்லவே!

விடையைக் கூறுகிறோம், இளைஞர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். மரபின் சுமை மிகக் குறைந்த பெண்கள் ஆயிரம் பேர் என்றால், இடி விழாத மாதத்தில் நோயுறுபவர் 5 பேர். சுமை மிக மிகுந்தவர் ஆயிரம் பேரில், இடி விழாத மாதத்தில் நோயுறுபவர் 11 பேர். இடி விழுந்த மாதத்திலோ, முதல் வகையினரில் 62 பேர். இரண்டாம் வகையினரில் 146 பேர்.

மைத்துனன் இந்த எண்களில் 146-ஐ மட்டும் பார்ப்பான், "பார்த்தீர்களா, மரபு!" என்பான். நாம் அவனை நான்கையும் பார்க்கச் சொல்வோம். மரபு, 5-ஐ 11 ஆக்கிற்று. இடி, 5-ஐ 62 ஆக்கிற்று. சுமை மிகுந்த மரபிலே பிறந்தும் அடிபடாத பெண்கள் 11 என்ற இடத்தில் நிற்க, மாசில்லா மரபு என்று நீ பெருமை பேசும் குடும்பத்துப் பெண்கள் அடிபட்டபோது 62 என்ற இடத்திலே கிடக்கிறார்கள்! இன்னும் ஒன்று. இடி விழாதபோது இரு வகையினருக்கும் இடையே வேறுபாடு 6. இடி விழுந்தபோது 84. மரபு தன் கைவரிசையைக் காட்டுவதற்கே நெருக்கடியின் துணை வேண்டியிருக்கிறது. வர்ஜீனியாக் கணக்கை அப்படியே பெயர்த்து எடுத்துவந்து வடகாட்டிலும் வம்பனிலும் ஒட்டிவிட முடியாது. அங்குள்ள வாழ்வு வேறு, எண்கள் வேறாக இருக்கலாம். ஆனால் மரபை மாற்ற இயலாத போதும் மாற்றக்கூடிய ஒன்று இருக்கிறது என்பதை அக்கணக்கு ஐயத்துக்கு இடமின்றிக் காட்டுகிறது.

சரி, அந்த மரபு எந்த அணுவிலே இருக்கிறது? இந்தக் கேள்வியின் கதை சுவையானது. ஆராய்ச்சி என்றால் என்ன, அருள்வாக்கு என்றால் என்ன என்பதை விளக்குவதற்கு இதைவிட நல்ல கதை நமக்குக் கிடைக்காது. மூளை நரம்புகளுக்கிடையே செய்தி கொண்டுசெல்லும் செரட்டோனின் என்னும் வேதிப்பொருளைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் புரதம் ஒன்று உண்டு. அதனை ஆக்கும் மரபணுவின் முகப்பிலே சிலருக்கு நீண்ட வடிவும், சிலருக்குக் குறுகிய வடிவும் இருக்கின்றன. நியூசிலாந்து நாட்டின் டனீடன் நகரில் பிறந்தது முதல் தொடர்ந்து கவனிக்கப்பட்டு வந்த 847 பேரை ஆராய்ந்து, 2003-இல் ஒரு முடிவை அறிவித்தனர். ஐந்தாண்டுக் காலத்தில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட நெருக்கடிகளைச் சந்தித்தவர்களில், இரு மடங்கும் குறுகிய வடிவு பெற்றவர் நூற்றுக்கு 43 பேர் நோயுற்றனர். இரு மடங்கும் நீண்ட வடிவு பெற்றவரில் 17 பேரே நோயுற்றனர். உலகமே வியந்தது. சோர்வின் அணு சிக்கியது என்று செய்தித்தாள்கள் முழங்கின.

பிறகு என்ன நடந்தது? ஆராய்ச்சியாளர்களே ஐயுற்றனர். 2009-இல், பதினான்கு ஆய்வுகளைச் சேர்த்து, 14,250 பேரை வைத்துக் கணக்கிட்டபோது அந்தத் தொடர்பு காணப்படவில்லை. 2011-இல் இன்னொரு குழு, வேறு முறையில் 54 ஆய்வுகளைத் திரட்டி, இல்லை, தொடர்பு உண்டு என்றது. வழக்கு வலுத்தது. இறுதியில், எந்த முறையில் கணக்கிடப்போகிறோம் என்பதை முன்கூட்டியே அச்சிட்டு அறிவித்துவிட்டு, 38,802 பேரின் விவரங்களை ஒன்றாய்ச் சேர்த்து, 2018-இல் முடிவு கூறினர். வலுவான தொடர்பு எதுவும் புலப்படவில்லை என்பதே அந்த முடிவு. மறு ஆண்டு, மனச்சோர்வின் மரபணுக்கள் என்று பெயர்பெற்ற பதினெட்டையும் மொத்தமாகச் சோதித்தனர். கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கியெடுத்த வேறு மரபணுக்களைவிட அவை எவ்வகையிலும் சிறந்தவையல்ல என்று தெரிந்தது. அதே 2019-இல், எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்த பெருங்குழு, நோயோடு தொடர்புடைய 102 இடங்களை மரபிழையில் கண்டது. ஒவ்வொன்றின் பங்கும் கடுகளவு. அதன்பின் நடந்த ஆய்வுகளில் அந்தத் தொகை நூற்றுக்கணக்கில் பெருகியிருக்கிறது.

ஓர் அணுவல்ல, ஓராயிரம் துளிகள். அவற்றில் ஏராளமானவை நம் ஒவ்வொருவர் உடலிலும் ஓடுகின்றன. 'நோயுள்ள குடும்பம்', 'நோயற்ற குடும்பம்' என்று தரகர் கிழித்த கோடு எங்கே போயிற்று?

இங்கே நின்று ஒரு கேள்வி கேட்போம். பதினைந்து ஆண்டுகளில், உலகம் கொண்டாடிய ஒரு முடிவை, எதிரிகள் அல்ல, அத்துறையாரே சோதித்து, உடைத்து, வெளிப்படையாக அறிவித்தனர். எந்தத் தலபுராணம் இப்படித் தன் பிழையைத் தானே திருத்திக்கொண்டது? எந்தச் சோதிடர், சென்ற ஆண்டு கணித்த பலன் பிழைத்தது என்று பஞ்சாங்கத்திலே அச்சிட்டார்? "பார், உங்கள் விஞ்ஞானம் நாளுக்கொன்று சொல்கிறது" என்று எள்ளி நகையாடுவோர் உண்டு. நாளுக்கொன்று சொல்வதல்ல; நாளும் சோதிக்கிறது.

ஆனால் வணிகர்கள் சோதனையின் முடிவுக்குக் காத்திருப்பார்களா? உமிழ்நீரைக் குப்பியில் அனுப்புங்கள், உங்கள் மனம் நெருக்கடியைத் தாங்குமா தாங்காதா என்று சொல்கிறோம் என விளம்பரம் செய்கிறார்கள். அந்த 2019ஆம் ஆண்டுப் பேராய்வில் பங்குபெற்றோர் ஐரோப்பிய வழியினர். அவர்களை வைத்துக் கண்ட கடுகளவுத் தொடர்பை, கறம்பக்குடியில் பிறந்தவனுக்குப் பலன் சொல்லப் பயன்படுத்துவது, ஊர் மாறி, நாள் மாறி, ஆள் மாறிக் கணித்த சாதகம்! பனையோலைக்குப் பதில் பளபளக்கும் காகிதம், அவ்வளவுதான்.

பிறப்பே வாழ்வை முடிவு செய்கிறது என்ற வாதத்தைக் கேட்பது புதுக்கோட்டைக்குப் புதிதன்று. 1886-இல் இந்த நகரிலே பிறந்த முத்துலட்சுமியின் தாய் சந்திரம்மாள், தேவதாசி மரபினர் என்று ஊரார் ஒதுக்கி வைத்த குலத்தவர். ஆடவர் மட்டும் பயின்ற மகாராஜா கல்லூரியிலே அந்தப் பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்பு எழுந்தது. பெண் என்பது ஒரு குறை. அவள் பிறந்த குலத்தின் 'குணம்' மற்ற மாணவரைக் கெடுத்துவிடும் என்பது மற்றொரு குறை. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பை ஒதுக்கி அனுமதி தந்தார். 1912-இல் அவர் மருத்துவரானார். சென்னைச் சட்டமன்ற மேலவையின் துணைத் தலைவரானார். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் தொடங்கிய போர் 1947-இல் சட்டமாக வென்றது. 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. தாயின் குருதியிலே எழுதியிருப்பதாக ஊரார் படித்துக்காட்டிய அந்த எழுத்து எங்கே? அது குருதியில் இல்லை. படித்தவர் வாயில் இருந்தது. சாதியாரின் கற்பனைக் குணமும் ஆராய்ச்சியாளர் அளந்து கண்ட மரபின் பங்கும் ஒன்றல்ல. அதை நாம் அறிவோம். ஆனால் இரண்டையும் ஒன்றாகக் குழைத்து, 'எங்கள் மரபணு', 'அவர்கள் மரபணு' என்று இன்றைக்குச் சாதிச் சங்க மேடையிலே பேசுகிறார்களே, அவர்கள் அறிய மாட்டார்கள், அறிந்தாலும் விட மாட்டார்கள்.

நெருக்கடி வானத்திலிருந்து விழுகிறதா? சில வேளை, ஆம். 2018 நவம்பர் 16 விடியலில் கரை கடந்த கசா புயல், ஆலங்குடி, அறந்தாங்கிப் பகுதித் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. பிள்ளை போல வளர்த்த மரம் ஒரே இரவில் போயிற்று. வாங்கிய கடன் மட்டும் நின்றது. ஆனால் புயலுக்குப் பின் வரும் வட்டி வானத்திலிருந்து விழுந்ததன்று. 2022 டிசம்பர் 26 அன்று, வேங்கைவயலில் ஆதிதிராவிட மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியிலே மலம் கலந்திருப்பது தெரிந்ததே, அது வானத்திலிருந்து விழுந்ததா? செய்தவர் யார் என்பது வழக்கு மன்றத்துக்குரிய செய்தி. விசாரிக்கச் சென்ற அதிகாரிகள் அப்பகுதித் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளையைக் கண்டதும், கோயிலுக்குள் அவர்கள் விடப்படாதிருந்ததைக் கண்டதும் ஊரறிந்தவை. அந்த ஊரிலே 'மரபணு' என்ற சொல் அடிபட்டது, விசாரணைக்காகக் குருதி மாதிரி கேட்டபோது! குடிநீரைக் கையில் எடுக்குந்தோறும் அந்த நாளை நினைக்கும் ஒரு தாய் நாளைக்குச் சோர்ந்து படுத்தால், அவளுடைய மரபிழையைப் பிரித்துப் பார்க்கத்தான் போகிறோமா?

நம்மவர்க்கும் ஒரு சொல். நம் இளைஞர் சிலர், "இதெல்லாம் கோழைகளின் நோய், கொள்கை உறுதி உள்ளவனுக்கு வராது" என்கின்றனர். வேறு சிலர், "சமுதாயம் திருந்தினால் எல்லாம் சரியாகும், மாத்திரை எதற்கு?" என்கின்றனர். மீண்டும் அந்த வர்ஜீனியாக் கணக்கைப் பாருங்கள். இடி விழாத மாதத்திலும் ஆயிரத்துக்கு ஐவர், பதினொருவர் சாய்கின்றனர். அவர்களிடம் சென்று, "உனக்கென்ன குறை?" என்று கேட்பது, காய்ச்சலில் கிடப்பவனிடம் வெயில் அடிக்கிறதே, ஏன் நடுங்குகிறாய் என்று கேட்பது போல. நெருக்கடி வந்தால் உடல் ஒரு சுரப்புநீரை, கார்ட்டிசால் என்பதை, குருதியில் பாய்ச்சுகிறது; ஆபத்து நீங்கியதும் மூளையின் கட்டளையால் அது அடங்க வேண்டும். நெருக்கடி ஓயாதபோது அந்த அடக்கும் பொறி சிலருக்குப் பழுதாகிறது. இது உடலில் நடப்பது. உறுதியுரையால் உமிழ்நீரை நிறுத்த முடியாதது போல இதையும் நிறுத்த முடியாது. நோயை நோய் என்று ஒப்புக்கொள்ளாத மூடத்தனம், பக்தி வேடத்திலும் வரும், பகுத்தறிவு வேடத்திலும் வரும். நம் பக்கத்து இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், 2001 ஆகஸ்டு 6 அன்று, மனநோயாளரை அடைத்து வைத்திருந்த கொட்டகை தீப்பற்றியபோது 28 பேர் மாண்டனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் அவர்களால் ஓட முடியவில்லை. அருள் வேண்டி அழைத்து வந்தவர்கள்தாம் அந்தச் சங்கிலியைப் பூட்ட விட்டனர்.

எது வேலை செய்கிறது? கோவா மாநிலத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநல மருத்துவரல்லாத, பயிற்சி பெற்ற எளிய ஆலோசகர்கள், கடும் மனச்சோர்வுற்றவருடன் ஆறு முதல் எட்டு முறை அமர்ந்து பேசினர். அன்றாடச் செயல்களுக்கு மெல்லத் திரும்ப வைத்தனர். 2017-இல் வெளியான முடிவு: மூன்று மாதத்தில் அவர்களில் நூற்றுக்கு 64 பேர் தேறினர், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவரில் 39 பேர். இந்தோனேசியாவில் ஏழைக் குடும்பங்களுக்கு அரசு பணம் வழங்கிய வட்டங்களில், தற்கொலைகள் நூற்றுக்கு 18 அளவு குறைந்ததாக 2019-இல் கண்டனர். யாருடைய மரபணுவையும் எவரும் மாற்றவில்லை. புதுக்கோட்டையிலே 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், கல்லுடைத்த பெண்கள் குவாரிக் குத்தகையைத் தாமே எடுத்தனர். ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி பழகினர். தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு, யார் துணையும் இன்றி அவர்கள் சாலையிலே சென்றதைப் பழித்தவர்களும் அன்று உண்டு. அது மனநோய் மருத்துவம் என்று நாம் சொல்லவில்லை. பாரத்தை இறக்குவது எப்படி என்பதை இந்த மாவட்டம் அறியாததல்ல என்கிறோம்.

2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், நோயாளரைச் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. அதன் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் நெருக்கடிக்கு ஆளானவர் என்றே கொள்ள வேண்டும், வேறுவிதமாக மெய்ப்பிக்கப்பட்டாலன்றித் தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்கு மருத்துவமும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் கூறுகிறது. நெருக்கடி என்ற சொல்லைச் சட்டமே எழுதிவிட்டது. மைத்துனன்தான் இன்னும் எழுதவில்லை. உங்கள் வட்டத்து அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் எந்தெந்தக் கிழமை வருகிறார், மாத்திரை தட்டின்றிக் கிடைக்கிறதா, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேசுவதற்கு ஆள் உண்டா என்று நேரில் சென்று கேளுங்கள். கேட்டறிந்ததை ஊர்ப் படிப்பகத்தின் பலகையிலே எழுதுங்கள். அதன் கீழே 14416 என்ற எண்ணையும் எழுதுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் மனநலத் தொலைபேசி அது, தமிழிலும் பேசுவார்கள், கட்டணம் இல்லை.